ஏழாவது கிண்ணத்தில் ஒரு வாய்த் தண்ணீர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கரை என்ற நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டான். காலையில் மனம் குளிர்ந்தால் யானையைப் பரிசாகக் கொடுப்பான். மாலையில் தலைவலி வந்தால் அதையே திருப்பிக் கேட்பான்.

அவனுடைய ஒரே மகள் பூங்கோதை கடல் கடந்து வாழ்க்கைப்பட்டவள். இடையில் போர் மூண்டதால் பல வருஷமாகத் தாய்வீடு வர முடியவில்லை. இப்போது வருகிறாள் என்று தெரிந்ததும் ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அவளை வரவேற்க ஒரு பாட்டு வேண்டும். பிரிந்த ஏக்கமும் அதில் இருக்கவேண்டும், வந்து சேர்ந்த நிம்மதியும் இருக்கவேண்டும்" என்றான்.

சங்கீத சபைத் தலைவர் கோதண்டராயர் நடபைரவி ராகத்தில் மெட்டமைத்தார். அரண்மனைக் கலைஞர் செங்கமலம் அதை ஜலதரங்கத்தில் வாசித்தாள். தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களை அவள் குச்சியால் தட்டத் தட்ட, சபை கண் கலங்கியது. கடைசி வரியில் மட்டும் ராஜா முகம் சுளித்தான்.

"ஏக்கம் சரி. ஆனால் பாட்டு வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறதே! தெருவிலேயே நின்றுவிடுகிறது. மகளின் பல்லக்கு கோட்டைக்குள் வருவதற்குள் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் மெட்டமைத்தவரும் வாசித்தவளும் நாட்டைவிட்டே போகவேண்டும்!"

கோதண்டராயருக்கு வேர்த்துக் கொட்டியது. அமைச்சர் திருவேகம்பர் மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. பழியை அவர் தலையில் கட்ட இதுதான் சமயம் என்று நினைத்தார்.

"மகாராஜா, எல்லாவற்றுக்கும் வழி சொல்லும் அமைச்சர் இதற்கும் சொல்லட்டும். ஆனால் மெட்டை மாற்றக்கூடாது. புதிதாக ஒரு ஸ்வரத்தைச் சேர்க்கவோ, இருப்பதை எடுக்கவோ கூடாது. முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடட்டும்."

"ஆகட்டும்" என்றான் ராஜா.

திருவேகம்பர் செங்கமலத்தைப் பார்த்தார். பிறகு ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, அந்தக் கடைசி வரியைத் தாங்களே ஒருமுறை பாடிக் காட்டவேண்டும்" என்றார்.

"நானா? என் குரலைக் கேட்டால் குதிரை மிரளுமே ஐயா!"

"மிரளட்டும், பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது."

ராஜா கண்ணை மூடி மகளை நினைத்துக்கொண்டு பாடினான். ஸ, ரி, க, ம, ப, த என்று ஏறிய குரல், 'நி'யில் தானாகவே ஓர் எம்பு எம்பி, மேல் 'ஸ'வில் போய் உட்கார்ந்தது.

"அபஸ்வரம்!" என்று கத்தினார் கோதண்டராயர். "நி உயர்ந்துவிட்டது!"

"அதேதான்" என்ற திருவேகம்பர், நி ஒலிக்கும் ஏழாவது கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். தண்ணீர் குறைந்தால் ஒலி உயரும் அல்லவா? செங்கமலம் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "இன்னும் துளி குடியுங்கள் ஐயா" என்றாள். குடித்தார். அவள் வாசித்தாள்.

சபை மூச்சுவிட மறந்தது. அன்று ஒலித்த அந்த ஸ்வர வரிசையைத்தான் நாம் கீரவாணி என்கிறோம். மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஹார்மோனிக் மைனர் என்கிறார்கள்.

"பழைய 'நி', மேல் 'ஸ'வை விட்டு எட்டி நின்றது" என்றார் திருவேகம்பர். "இப்போது வாசற்படியிலேயே நிற்கிறது. அங்கே வந்தவர் உள்ளே போகாமல் இருக்க முடியாது."

"ஆனால் 'த'வுக்கும் 'நி'க்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்துவிட்டதே!" என்றார் கோதண்டராயர்.

"பள்ளம்தான், ராயரே. கடல் தாண்டி வரும் பெண்ணுக்கு ஒரு தாண்டல் வேண்டாமா? ஸ்வரம் எதையும் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை; மற்றவற்றைத் தொடவே இல்லை. நீங்கள் வைத்த ஏக்கம் அப்படியே இருக்கிறது."

ராஜா எழுந்து வந்து தன் முத்துமாலையை அமைச்சரின் கழுத்தில் போடப் போனான். அவர் விலகிக்கொண்டார். "வாசித்தவள் செங்கமலம், மெட்டு ராயருடையது. நான் தண்ணீர்தான் குடித்தேன், மகாராஜா."

மாலை செங்கமலத்தின் கழுத்தில் விழுந்தது. ராஜா திரும்பினான். "ராயரே, மோதிரம் கேட்டீரே. இப்போது என்ன கேட்கிறீர்?"

கோதண்டராயர் தலைகுனிந்தார். "இன்னொருமுறை வாசிக்கச் சொல்லுங்கள், மகாராஜா. கேட்டால் போதும்" என்றார்.

செங்கமலம் மறுபடி தொடங்கியபோது பல்லக்கு கோட்டைக்குள் நுழைந்தது. பூங்கோதை திரையை விலக்கிக் கேட்டாள். அந்தத் தாண்டலில் அவள் மூச்சு நின்றது, மேல் ஸ வந்ததும், பல்லக்கை இறக்கி வைக்கும் முன்பே குதித்து, "அப்பா!" என்று ஓடி வந்தாள்.

பாட்டு முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை.