முதல் பெஞ்ச்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் ராஜாமணி அக்கா. என் கடைசி மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆனி மாதம். கோயிலில் திருவிளக்கு பூஜை முடிந்து, வந்தவர்களுக்குக் கொடுக்கக் குங்குமம் மடித்துக்கொண்டிருந்தோம். கை மடித்துக்கொண்டே இருந்தது, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆற்றோரத்தில் ஒரு சிறிய மடம். அங்கே இருந்த துறவி அம்மையாரைச் சின்னத்தாயார் என்பார்கள். முப்பது வயதுகூட இராது. அவரிடம் ஜெபமாலை வாங்கிய பெண்கள் எல்லாரும் அவருக்கு மூத்தவர்கள். அவர்கள் அவரைத் தாயே என்பார்கள். அவர் அவர்களை அக்கா என்பார்.

அதில் ஒருத்தி தவமணி. வியாழக்கிழமை தோறும் மடத்துச் சமையலுக்குக் காய் நறுக்க வருவாள். பக்திக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வருஷம் அவள் மாலையில் நூற்றெட்டு மணி உருண்டால், அதில் பாதி சுகந்தி பேரில்தான் உருண்டது.

சுகந்தி அவள் தெருக்காரி. இரண்டு பேரும் ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வருஷம் பெண் பிறந்தது. தவமணிக்கு மகிழினி, சுகந்திக்கு ரித்திகா. ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஐந்தாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுத்தபோது இரண்டு பேரும் நின்றார்கள். கூடியிருந்த பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் சுகந்திக்குக் கை தூக்கினார்கள்.

அன்றைக்குப் பிடித்தது இவளுக்குப் பொறாமை. கூட்டத்துக்கு சுகந்தி கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டிப் போனால், இவளுக்கு அன்று சோறு இறங்காது. தலைமையாசிரியை அவளை "வாங்க சுகந்தியம்மா" என்று நாற்காலி காட்டியதைத் தெருவில் யாரோ சொல்லப்போக, அதை நாலு நாள் மென்றாள். ரித்திகா முதல் பெஞ்சில் உட்கார்கிறாள் என்று தெரிந்ததும் மிச்சமிருந்த பொறுமையும் போயிற்று. ஏனென்றால் மகிழினி இருந்தது நாலாவது வரிசை. பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை வீட்டில் இரண்டு தடவை சொல்லியிருந்தது. மார்க்கு குறைந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டது.

ஒரு வியாழக்கிழமை தவமணி மடத்துக்கு வந்தவள், காயைத் தொடவில்லை. இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"தாயே, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனு கொடுக்கப் போறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணித் தரணும்."

சின்னத்தாயார் பூசணிக்காயை வகிர்ந்துகொண்டிருந்தார். "என்ன மனு?"

"பள்ளிக்கூடத்து மேல."

"படிங்க அக்கா, கேப்போம்."

தவமணி படித்தாள். ஒரு முழுத் தாள். சுகந்தி தலைவி ஆனது எப்படி, சுகந்தி வந்தால் ஆசிரியர்கள் எழுந்து நிற்பது, சுகந்தி மகள் மட்டும் ஆண்டுவிழாவில் பாடியது, சுகந்தி மகளுக்கு மட்டும் முதல் பெஞ்ச். கீழே பதினாலு தாய்மார் கையெழுத்து.

"பதினாலு பேரும் இதைப் படிச்சாங்களா?"

"நான் கேட்டேன், போட்டாங்க தாயே."

சின்னத்தாயார் சிரிக்கவில்லை. அடுப்போரம் கிடந்த ஒரு கரித்துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். சுகந்தி பேரோ அவள் மகள் பேரோ வருகிற வரியை மட்டும் அடித்துவிடச் சொன்னார்.

தவமணிக்கு மனசு வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய மனு. இருந்தாலும் தாயார் சொல்லைத் தட்ட முடியாது. அடித்தாள். அடிக்க அடிக்கத் தாள் கறுத்துக்கொண்டே போனது. விரலும் கறுத்தது.

"இப்ப மிச்சம் இருக்கிறதைப் படிங்க."

"மதிப்பிற்குரிய கலெக்டர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்." அதற்கப்புறம் அவள் கண் தாளில் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில்தான் ஒரு வரி கிடைத்தது. "என் மகள் மகிழினிக்கு நாலாவது வரிசையிலிருந்து பலகை தெரியவில்லை." அதற்குக் கீழே, இப்படிக்கு.

சின்னத்தாயார் அடுத்த பூசணித் துண்டை எடுத்தார்.

"ரித்திகா நாளைக்கே வேற ஊருக்குப் போயிடுறான்னு வைங்க. அப்ப மகிழினிக்குப் பலகை தெரிஞ்சிருமா?"

தவமணி கறுத்த விரலை முந்தானையில் துடைத்தாள்.

"மகிழினி வகுப்பு டீச்சர் பேர் என்ன அக்கா?"

தவமணிக்குக் கன்னம் சுட்டது. சுகந்தி எந்தக் கூட்டத்துக்கு என்ன நிறத்தில் சேலை கட்டினாள் என்று கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பாள். இது தெரியவில்லை.

"கலெக்டரைப் பாக்க வேண்டாம்னு நான் சொல்லல. டீச்சர் கேக்கலைன்னா தலைமையாசிரியை, அவங்களும் கேக்கலைன்னா கூட்டம். அப்புறம் கலெக்டர். முதல்ல அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க."

மறுநாள் காலை மணி அடிக்குமுன் தவமணி பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். டீச்சர் பேர் ஜெசிந்தா. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவரிடம் அந்த ஒரு வரியைச் சொன்னாள். சுகந்தி பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கினாள்.

ஜெசிந்தா டீச்சர் பையைத் தோளிலிருந்து இறக்கவே மறந்து நின்றார்.

"மூணு மாசமா அவ பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பாத்து எழுதுறா. காப்பி அடிக்கிறான்னு நினைச்சு நான் திட்டிக்கிட்டு இருந்தேம்மா. பலகை தெரியலன்னு அவளும் சொல்லல. நீங்களாவது வந்து சொல்லக் கூடாதா?"

திங்கட்கிழமை வயிற்றுவலி எங்கிருந்து வந்தது என்று தவமணிக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குப் போய் வெகுநேரம் அழுதாள்.

டீச்சர் அன்றைக்கே பிள்ளையை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார். இன்னும் எத்தனை பிள்ளைக்கு இப்படியோ, குழுக் கூட்டத்தில் நீங்களே எழுந்து சொல்லுங்கள் என்றும் தவமணியிடம் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனாள். தலைவி நாற்காலியில் சுகந்தி. அவள் முன்னால் எழுந்து நிற்பது தவமணிக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. நின்று சொன்னாள். பிள்ளைகள் எல்லாருக்கும் கண் பார்க்க வேண்டும் என்று சுகந்தி தீர்மானப் புத்தகத்தில் எழுதினாள். தவமணி கேட்டுக்கொண்டபடி என்று பேரும் போட்டாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதுவும் இவளைக் குத்தியது.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தார்கள். ஒன்பது பிள்ளைகளுக்குக் கண்ணாடி வந்தது. மகிழினிக்கும் வந்தது. போட்ட மறுநாளே, தோழி அங்கேதான் இருக்கிறாள் என்று பழைய இடத்துக்கே போய்விட்டது அந்தப் பிள்ளை. திங்கட்கிழமை வயிறு வலிக்கவில்லை.

கண்ணாடி வந்த பிறகு ஒரு வியாழக்கிழமை தவமணி காய் நறுக்க உட்கார்ந்தாள். நடந்ததெல்லாம் சொன்னாள். சின்னத்தாயார் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். சொல்லி முடித்தும் அவள் முகம் தெளியவில்லை.

"இன்னும் என்ன அக்கா?"

தவமணி கத்தரிக்காயைக் கையில் வைத்து உருட்டினாள்.

"எல்லாம் சரிதான் தாயே. ஆனா அந்த ரித்திகா இன்னும் முதல் பெஞ்சுலதான் உக்காந்திருக்கா."

"மகிழினிக்குப் பலகை தெரியுதா?"

"தெரியுது. கடைசி வரி வரைக்கும் படிக்கிறா."

சின்னத்தாயார் கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"நாலாவது வரிசையில இருக்கிற பிள்ளைக்கு ரித்திகா மறைக்கல. வீட்டுல இருக்கிற உங்களுக்கு மறைக்கிறாளா அக்கா?"

கத்தரிக்காய் அவள் கையிலேயே இருந்தது.

ராஜாமணி அக்கா இத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த குங்குமத்தை மடிக்கப் போய்விட்டார். நானும் நிறுத்துகிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று மட்டும் நாளைக்குக் கேட்டு வையுங்கள்.