மலை வண்டி நிற்கும் இடம்

"அம்மணி, விலகிப்போன ஒருத்தரைத் திரும்பக் கூப்பிடணும். அதுக்கு எப்படி எழுதணும்?"

நாச்சிமுத்து இப்படிக் கேட்டபோது, கோகிலவாணி ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திறந்து உள்ளே சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்கய்யா விலகிப்போனது?"

"மாதம்மா."

தாள் கிழியாமல் வந்தது. அவள் மூடியைச் சாத்தினாள்.

மலையடிவாரத்துப் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவளுடைய கடை. வயது இருபத்தொன்பது. அந்த வட்டாரத்தில் எந்தப் பேருந்து எப்போது வரும், எங்கே நிற்கும் என்று ஊர்மக்களே எழுதி, ஊர்மக்களே திருத்திக்கொள்ளும் 'ஊர்வண்டி' என்ற இணையக் களஞ்சியத்தை ஆரம்பித்தவள் அவள்தான்.

அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சந்தேகம் வந்தால் எல்லாரும் கோகிலவாணியிடம் போவார்கள். அவள் நேராகப் பதில் சொன்னதாக ஒருவருக்கும் நினைவில்லை. ஆனாலும் போவார்கள்.

நாச்சிமுத்து அவளைவிட முப்பத்திரண்டு வயது மூத்தவர். ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு ஊர்வண்டிக்கு வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாளே அவருக்குக் கை பரபரத்தது. ஒரு பக்கத்தில் 'ஆறேகால்' என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் '6.15'. மூன்றாவதில் 'பால்காரர் போனதும்'. காலையா மாலையா என்று பாதிப் பக்கங்களில் இல்லவே இல்லை.

மூன்று மாதம் உட்கார்ந்து எண்பத்து நான்கு விதிகள் எழுதினார். தலைப்பு எப்படி இருக்க வேண்டும், நேரத்தை எப்படிக் குறிக்க வேண்டும், அட்டவணைக்குள் என்ன வரலாம், என்ன வரக்கூடாது. எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். கோகிலவாணியும்தான்.

"உங்க அட்டவணை வந்தப்புறம், காலை வண்டிக்குச் சாயங்காலம் வந்து நிக்கறவங்க யாருமில்லீங்கய்யா" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு அவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆனால், நெல்லிமடுவுக்குப் போகும் மலை வண்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த மாதம்மா நாற்பது நாளாக ஒரு வரியும் எழுதவில்லை. மலைப் பக்கத்துக்கு வேறு ஆளும் இல்லை. நாச்சிமுத்து அந்த அம்மாளைப் பார்த்ததில்லை. பெயர் மட்டும்தான் தெரியும்.

"நான் ஒண்ணும் கடுமையா சொல்லலை அம்மணி. மரியாதையாத்தான் எழுதினேன். எழுதறவங்க பேசிக்கற பேச்சுப் பக்கத்துல அஞ்சு தடவை எழுதியிருக்கேன்."

"படிங்க, கேக்கலாம்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்துப் படித்தார்.

"'வணக்கம். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. விதி பன்னிரண்டு, முப்பத்தொன்று, நாற்பது ஆகியவற்றின்படி தங்கள் பக்கம் சீரமைக்கப்பட்டுள்ளது. இனி எழுதும்போது மேற்கண்ட விதிகளைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.'"

"நல்லா இருக்குதுங்க. இதோட ஒரு சீல் வெச்சிருக்கலாம்."

"கிண்டல் பண்ணாதீங்க அம்மணி. எனக்கு ரெண்டு வாரமா சரியாத் தூக்கமில்லை."

அது உண்மை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கோகிலவாணி ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சீரமைச்சப்ப எதை எடுத்தீங்க?"

"அட்டவணைக்குள்ள அடங்காத ரெண்டு வரி."

"என்ன வரிங்க?"

அவர் யோசித்தார். பிழைதிருத்துநருக்கு நல்ல ஞாபகசக்தி. எந்த விதியின்படி எடுத்தார், எந்தத் தேதியில் எடுத்தார் என்பதெல்லாம் ஞாபகம் வந்தது.

"மழை... கொழந்தை குட்டி... அந்த மாதிரி ஏதோ."

"ஏதோங்களா?"

"பழசெல்லாம் வரலாற்றுப் பக்கத்துல அப்படியே இருக்கும் அம்மணி. எதுவும் அழியாது. இருங்க, இப்பவே எடுத்துச் சொல்லிடறேன்."

கோகிலவாணி கையை நீட்டி அவருடைய போனை மெல்ல மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு நெல்லிமடுவு போய்ட்டு வாங்க. நீங்க சரி பண்ணின பக்கத்தை மட்டும் பாத்துப் போகணும். பழசைப் பாக்கக் கூடாது. வண்டியைப் பத்தி யார்கிட்டயும் கேக்கவும் கூடாது."

"போய் மாதம்மாவைப் பாக்கணுமா?"

"அப்படி நான் சொல்லலைங்களே. வண்டியில போய்ட்டு வண்டியில வாங்க."

"கூப்பிட எப்படி எழுதணும்னு கேட்டேன்."

"ஆமாங்க, கேட்டீங்க" என்றவள், அடுத்து நின்றவரைப் பார்த்தாள். "ஆதார் ரெண்டு பக்கமும் எடுக்கணுங்களா?"

*

மலை வண்டி 13:30க்குக் கிளம்பியது. பக்கத்தில் போட்டிருந்தபடியே.

நாச்சிமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்தையும் போனோடு ஒப்பிட்டுக்கொண்டு வந்தார். நிறுத்தங்களின் வரிசை சரி. ஊர்ப்பெயர்கள் சரி. நெல்லிமடுவில் இறங்கியபோது 14:50. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

அவருக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. இந்தப் பக்கத்தில் என்ன குறை கண்டாள் கோகிலவாணி?

இறக்கிவிட்ட வண்டி திரும்பிக் கீழே போய்விட்டது. அடுத்து மேலே வந்து ஏற்றிக்கொள்ளும் கடைசி வண்டி 16:40. அவர் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். சாமை காயப்போட்டிருந்த பாறையைப் பார்த்தார். டீ குடித்தார். வண்டியைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றரைக்கு அவர் நிறுத்தத்துக்குத் திரும்பியபோது மேகம் கருத்தது.

அங்கே அவருக்கு முன்பே நின்றிருந்த மூன்று பேர் வானத்தைப் பார்த்தார்கள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சரசரவென்று சரிவில் இறங்கிப் போனார்கள்.

'எங்கே போகிறீர்கள்?' என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாளே. அடக்கிக்கொண்டார்.

போனைப் பார்த்தார். 16:40, நெல்லிமடுவு. தெளிவாக, கட்டத்துக்குள், நேர்கோட்டில் இருந்தது. அவர் கையால் போட்டது. அதை நம்பி நின்றார்.

நான்கு மணிக்கு மழை கொட்டத் தொடங்கியது. நாவல் மரத்தடியில் ஒதுங்கினார். மரம் ஐந்து நிமிடம் தாங்கியது. அப்புறம் அதுவும் கைவிட்டது.

16:40. வண்டி வரவில்லை.

16:43. வரவில்லை.

அவர் போனைச் சட்டைக்குள் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். பல் கிட்டித்தது. இன்றைக்கு நான் ஒருவன்தான் நிற்கிறேன், என்று நினைத்தார். அதற்குமேல் நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

மேட்டிலிருந்து ஒரு கறுப்புக் குடை வேகமாக வந்தது. குடைக்குள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"வண்டிக்குங்களா நிக்கறீங்க?"

"ஆமாம்மா. நாலு நாப்பது வண்டி."

"மழை பேஞ்சா அது மேட்டுக்கு வராதுங்கய்யா. செம்மண்ணு, சக்கரம் வழுக்கும். கீழ செக்போஸ்ட்லயே திருப்பி நிறுத்திருவாரு. அஞ்சு மணி வரைக்கும் பாப்பாரு. வாங்க வாங்க, எட்டிப் போட்டா புடிச்சிரலாம்."

பாதிக் குடையை அவருக்குக் கொடுத்தாள். பாதிக்கு மேலேயே கொடுத்தாள். அவளுடைய இடது தோள் முழுக்க நனைந்தது.

"இந்தப் பக்கம் கால் வெக்காதீங்க, பாசி. கல்லு மேல வைங்க. ஆங், அப்படி."

கொஞ்ச தூரம் இறங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"நீங்களும் கீழ போறீங்களாம்மா?"

"இல்லீங்க."

"பின்ன இந்த மழையில எங்க கிளம்பினீங்க?"

"யாராச்சும் நிக்கறாங்களான்னு பாக்க வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"போன்ல ஊர்வண்டின்னு ஒண்ணு இருக்குதுங்கய்யா. அதைப் பாத்துட்டுத்தான் வெளியூர்க்காரங்க வருவாங்க. மழை பேஞ்சா வண்டி மேல வராது, மேகம் கருக்கும்போதே எறங்கிருங்க, கொழந்த குட்டி இருந்தா இன்னும் முன்னாடியே கெளம்புங்கன்னு நான் அதுல எழுதி வெச்சிருந்தேன். யாரோ எடுத்துட்டாங்க."

நாச்சிமுத்து நின்றுவிட்டார். குடை இரண்டடி முன்னால் போனது. மழை அவர் தலையில் விழுந்தது. அவள் திரும்பி வந்து குடையைப் பிடித்தாள்.

"கால் வலிக்குதுங்களா?"

"இல்லைம்மா. சொல்லுங்க."

"எடுத்தவங்களைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. நான் அஞ்சாவதோட நின்னவ. படிச்சவங்க எழுதற எடம். நம்ம எழுத்து அங்க அசிங்கமாத்தான் இருந்திருக்கும். அதான், மழை வந்தா நானே வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவேன்."

"தினமுமா?"

"மழை வர்ற அன்னிக்கெல்லாம். புரட்டாசியில இருந்தே விடாம பேயுதுங்களே."

"நாப்பது நாளாவா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாப்பது நாளுன்னு நான் சொல்லலைங்களே."

மழை குடைமேல் அடித்துக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் அப்படியே வண்டி ஏறிப் போய்விடலாம். அவர் கால்கள் அதற்காகவே விரைந்தன. ஆனால் அந்த நனைந்த தோள் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

"எடுத்தது நான்தான்மா."

அவள் பத்துப் பதினைந்து அடி கல் பார்த்துக் கால் வைத்து நடந்தாள். வளைவு திரும்பியதும், செக்போஸ்டில் விளக்கைப் போட்டபடி வண்டி நிற்பது தெரிந்தது.

"லெட்டர் போட்டதும் நீங்கதானுங்களா?"

"ஆமா."

"நான் யாரோ காலேஜ் பையன்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "அஞ்சு லெட்டர் போட்டீங்க. ஒண்ணுலகூட, வண்டி எங்க நிக்கும்னு என்னை ஒரு வார்த்தை கேக்கலைங்களே அய்யா."

நடத்துநர் படியில் தொங்கியபடி விசில் ஊதினார்.

"பெரியவரே, சீக்கிரம் ஏறுங்க! மாதம்மாக்கா, இன்னிக்கு ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தான் தம்பி. முழுக்க நனைஞ்சிருக்காரு. ஜன்னல் ஓரமா உக்கார வெச்சிராத."

அவர் படியேறும்வரை குடை அவர் தலைக்குமேல் இருந்தது. வண்டி நகர்ந்த பிறகு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். அந்தக் கறுப்புக் குடை செம்மண் ஏற்றத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து போனைத் துடைத்து, பேச்சுப் பக்கத்தைத் திறந்தார். எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். மலை இறங்கி முடிக்கும்போது ஒரு வரி மிஞ்சியிருந்தது. அதை அனுப்பினார்.

*

மறுநாள் காலையில், தும்மிக்கொண்டே கடைக்கு வந்து விதிகள் அச்சிட்ட தாள்களை மேசைமேல் வைத்தார்.

"கிழிச்சுப் போட்டுரலாம்னு கொண்டுவந்தேன்."

கோகிலவாணி அந்தத் தாள்களை அள்ளி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரம் சேர்த்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எதுக்குங்க கிழிக்கறது? நல்ல விதிங்க."

"அப்ப இதுல எதை எடுக்கணும்னு சொல்லுங்க."

அவள் அவருக்கு ஒரு சுக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லி, பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தாள்.

"மழை வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அம்மணி?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் ஜெராக்ஸ் கடைதானுங்களே வெச்சிருக்கேன்."

"வராம இருந்திருந்தா?"

"இன்னொரு நாள் போகச் சொல்லியிருப்பேன்."

அவர் தும்மினார். அவள் ஃபேனை நிறுத்தினாள்.

"மாதம்மாவுக்கு எழுதினீங்களா?"

"ஒரு வரி."

"எந்த விதியைப் போட்டீங்க?"

"விதி ஒண்ணும் போடலை. 'மழைக்காலத்தில் எங்கே நிற்க வேண்டும், அம்மா?'னு கேட்டிருக்கேன்."

கோகிலவாணி தலையை மட்டும் ஆட்டினாள். சுக்குக் காப்பி வந்தது. அவர் பாதி குடித்தபோது போன் ஒலித்தது.

மலை வண்டிப் பக்கத்தில் மாதம்மா எழுதியிருந்தார்.

நீளமாக இருந்தது. எங்கும் ஒரு முற்றுப்புள்ளி இல்லை. அட்டவணைக்கு வெளியே, தலைப்புக்கும் மேலே தொடங்கியது. எந்தக் கல் வழுக்கும், எந்தக் கல் வழுக்காது, ஓட்டுநர் மாறினால் எத்தனை நிமிடம் காத்திருப்பார், கால் வலியுள்ள பெரியவர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம், குடை இல்லாதவர்களுக்கு எந்த வீட்டில் சாக்குக் கிடைக்கும் என்று போய்க்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். திரையை மெல்ல மேலே தள்ளினார். பழக்கதோஷம், விரல் திருத்துவதற்கான 'தொகு' பொத்தான் பக்கம் போய் அங்கேயே நின்றது.

கோகிலவாணி மேசைமேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கய்யா, திருத்தலீங்களா?"

"இருங்க அம்மணி" என்றார் நாச்சிமுத்து, தலை நிமிராமல். "இன்னும் படிச்சு முடிக்கலை."