பாடக் கூடாத பாட்டு

அரண்மனைப் புலவர்கள் ஒப்புக்கொள்ளாத பாட்டை அந்த நாட்டில் யாரும் பாடக் கூடாது. அவர்கள் ஒப்புக்கொள்வதோ அரசனைப் புகழும் பாட்டை மட்டும்தான். இந்தக் கூத்தைச் சகிக்காமல் தெருப்பேச்சில் பாட்டுக் கட்டிய கூட்டம் ஒன்று இருந்தது. அதற்குக் குரு நங்கையாள்.

அவளுடைய சீடன் மருதப்பன், அரண்மனை வேலையை உதறிவிட்டு வந்த புலவன். குருவைவிட வயதில் மூத்தவன். அது பஞ்ச காலம். தான் கட்டிய முதல் தெருப்பாட்டை அவன் சந்தையில் பாடினான்.

"குதிரு நிறைய நெல்லிருக்கு, கும்பி மட்டும் காயுது;
கதவைத் திற ராசா, காவல் எதுக்கு ராசா?"

மறுநாளே அந்தப் பாட்டுக்கென்று தனித் தடை வந்தது. பாடினால் சிறை. மருதப்பன் இடிந்துபோய்க் குருவிடம் வந்தான்.

"அம்மா, என் பாட்டு ஆத்தைக்கூடத் தாண்டலையே! அவங்ககிட்டப் படை இருக்கு, சிறை இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அமைச்சரைப் போய்ப் பாரும், புலவரே. முரசடிச்சு ஊரூராச் சொல்லாத ஆணை செல்லாதுங்கிறதுதானே இந்த நாட்டு முறை? எந்தப் பாட்டைப் பாடக் கூடாதுன்னு சனங்களுக்குத் தெரிய வேண்டாமான்னு கேளும்."

மருதப்பனுக்கு அமைச்சரிடம் போகவே பயம். ஆனாலும் போய்க் கேட்டான். அமைச்சர் முறை தவறாத மனிதர். "நியாயமான பேச்சு" என்றார்.

முரசுக்காரர்கள் புறப்பட்டார்கள். தெருமுனைதோறும் முரசை அடித்து, "பாடக் கூடாத பாட்டு இதுதான்!" என்று கூவினார்கள். யாரும் தெரியாமல் தப்புச் செய்துவிடக் கூடாதே என்று முழுப் பாட்டையும் பாடியே காட்டினார்கள். முரசும் சேர்ந்துகொண்டதில் மெட்டு இன்னும் தூக்கலாக இருந்தது. பாவம், அரண்மனைப் புலவர்கள் யாருக்கும் இப்படியொரு அரங்கேற்றம் வாய்த்ததில்லை.

சில நாட்களில் அரண்மனைச் சமையல்காரர்கள்கூட அதை முணுமுணுத்தார்கள். பிடித்துப் போடலாமென்றால் சிறைக்காவலர்களும் முணுமுணுத்தார்கள்.

மருதப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயமும் விடவில்லை.

"அம்மா, அரசர் ஆடிப்போயிட்டாராம்! தடையை நீக்கிட்டா சனங்க பாட்டை மறந்துடுவாங்கன்னு புலவர்கள் யோசனை சொல்லியிருக்காங்க. நாளைக்கே நீக்கப் போறாராம். இப்ப நாம என்ன செய்யறது?"

நங்கையாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முதல்ல உட்கார்ந்து தண்ணி குடியும். எந்தப் பாட்டுக்குத் தடை நீங்கிச்சுன்னு, அதையும் முரசுக்காரங்க ஊரூராப் பாடிச் சொல்ல வேண்டாமா?"