நூற்று இருபத்தோராவது அட்டை

மலையடிவாரத்தில் முப்பது பேர் கூடி வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவருக்கு வயது நாற்பத்துமூன்று. எல்லாரும் அவரை அண்ணன் என்றார்கள். அவரைவிடப் பதினெட்டு வயது மூத்த மாசிலாமணியும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார். அண்ணன் அவரை ஐயா என்றார். அங்கே அது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம். ஜனவரி முதல் தேதி, வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் அண்ணன் ஒரு பித்தளைத் தட்டை ஏந்தி வருவார். அதில் அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வோர் அட்டையிலும் பைபிளிலிருந்து எடுத்த கடவுளின் வாக்குத்தத்தம் ஒன்று. ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தது அந்த வருஷம் முழுக்க அவரவருக்கு. சுற்று ஊர்களிலிருந்தும் ஜனம் வரும் என்பதால் நூற்றிருபது அட்டை வேண்டியிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஒன்பது வருஷமாக அவற்றை எழுதி வந்தவர் மாசிலாமணி.

இந்த மார்கழியில் அவர் எழுதவில்லை. வெற்று அட்டைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

அவர் மனைவி ரத்தினபாய் ஆவணியில் இறந்துபோனாள். வயிற்றில் கட்டி. அதன் பிறகு அவர் எல்லாரும் எழுந்துபோன பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். கிணற்றடியில் யாராவது நின்றால் அவர்கள் போகும்வரை வேப்பமரத்துப் பக்கம் நின்றார். சாயங்கால ஜெபத்துக்கு மட்டும் வந்து கடைசித் தூணோரம் இருப்பார்.

ரத்தினபாய் எந்தப் பாட்டையும் அரை அடி பிந்தித்தான் பாடுவாள். எல்லாரும் பாடி ஓய்ந்த பிறகு அவள் குரல் மட்டும் தனியாக வந்து சேரும். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும். இப்போது பாட்டு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடிந்தது. அது முடிகிற இடம் வருமுன்பே அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு நாள் காலை, ஒரு கையில் அட்டைக் கட்டும் மறு கையில் துணிப்பையுமாக அவர் ஜெபக்கூடத்துக்கு வந்தார். அண்ணன் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"எழுதியாச்சா ஐயா?"

"இல்ல. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க. நான் பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன்."

"எங்கே?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"வரச் சொன்னாங்களா?"

"வர வேண்டாம்னு சொல்லல."

அண்ணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பாயை விரித்து, இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அப்போ நான்தான் எழுதியாகணும். வாசிக்க முடியலன்னு ஜனங்க திருப்பிக் கொண்டுவருவாங்க. என் எழுத்து கோழி கிளறினது மாதிரி."

"தெரியும்," என்றார் மாசிலாமணி. சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அண்ணன் முன் வைத்தார். "இதுவும் கோழி கிளறினதுதான்."

ஆழமான தண்ணீரைக் கடந்து போகும்போது கடவுள் கூடவே இருப்பார் என்ற வாக்கு அதில் இருந்தது. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

"போன வருஷம் நான் நூத்திருபது எழுதினேன். சுகம், ஆயுசு, சமாதானம், நிறைவு. தண்ணியும் தீயும் நான் எழுதுறதே இல்ல. வருஷப் பிறப்பன்னைக்கு யாருக்கு அது வேணும்? இது நூத்தி இருபத்தோராவது. இதை நீங்க எழுதித் தட்டுல வச்சீங்க. அது அவ கையில போய்ச் சேர்ந்துச்சு."

"ஆமா," என்றார் அண்ணன்.

அண்ணன் இல்லையென்பார், தானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்துபோகலாம் என்று நினைத்து வந்திருந்தார் மாசிலாமணி.  ஆமா என்றதும் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நீண்ட ஆயுசு வந்துச்சு. நானே எழுதினது. அவளுக்கு இந்தத் தண்ணி வந்திருந்துச்சு.  அவ கையில இருந்ததை நான் வாங்கிக்கிட்டு, என்னுதை அவகிட்டக் கொடுத்தேன். 'கடவுள் அசந்த நேரமாப் பார்த்து மாத்துறீங்களாக்கும்'னு சிரிச்சா."

"சிரிச்சதை நானும் பார்த்தேன்."

"ஆயுசுன்னு எழுதின அட்டையைத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தா. நான் மாத்தினதை மேல இருக்கிறவர் ஒத்துக்கல. அறுபத்தொண்ணுல நான் மட்டும் திடமா இருக்கேன். இல்லன்னா மேல யாருமே இல்ல, நான் ஒன்பது வருஷமா எழுதினது வெறும் மை. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. கேட்டுட்டு பஸ் ஏறுறேன்."

அண்ணன் அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்த அட்டை இப்போ என்கிட்ட இருக்கு. கூட இருப்பேன்னு இதுல இருக்கு. பொழுது சாய்ஞ்சதும் என் குடிசைக்குள்ள வந்து பாருங்க, கூட யார் இருக்காங்கன்னு."

"ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது ஐயா. அட்டை எப்படி வந்துச்சுன்னு மட்டும் தெரியும்."

"சொல்லுங்க."

"போன வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் ரத்தினபாய் அம்மா இங்கே வந்தாங்க. அவங்களுக்கு மாத்திரை வாங்க நீங்க டவுனுக்குப் போயிருந்தீங்க. 'அண்ணே, மூணு வருஷமா எனக்குச் சுகம் வருது, ஆயுசு வருது, மறுபடியும் சுகம் வருது. கடவுள் வேற யாரோ ஒரு ரத்தினபாய்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு. எனக்குன்னு ஒண்ணு எழுதித் தாங்க. நல்லாயிடுவேன்னு மட்டும் அதுல இருக்கக் கூடாது'ன்னாங்க."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதினேன். தட்டைப் பிடிச்சது நான்தானே. கட்டைவிரலுக்குக் கீழே வச்சிருந்து, அவங்க கிட்ட வந்ததும் நகர்த்திக் கொடுத்தேன்."

"அப்போ அவளே கேட்டு வாங்கினதா இது?"

"கேட்டு வாங்கினது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஆயுசு, ஆயுசுன்னு எழுதிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்லுவாங்க?"

வெளியே யாரோ வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். அது தண்ணீரைத் தொடும் சத்தத்துக்கு மாசிலாமணி தலையைத் திருப்பினார்.

"நான் கேட்டதும் கொடுத்துட்டா," என்றார். பிறகு தலையை ஆட்டினார். "இல்ல. உடனே கொடுக்கல. ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டே இருந்தா. விளையாடுறான்னு நினைச்சேன். இழுத்துட்டேன்."

அவர் தம் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"நான் பிடுங்கிட்டேன் அண்ணே. அவளுக்குன்னு அவ கேட்டு வாங்கினது ஒண்ணே ஒண்ணு. அதைப் பிடுங்கிட்டு, நான் எழுதினதை அவ கையில திணிச்சுட்டேன். எட்டு மாசம் அவ வெறுங்கையோட கிடந்திருக்கா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆடி மாசக் கடைசியில ஒருநாள் போய்க் கேட்டேன். ஐயாகிட்டயிருந்து திரும்ப வாங்கித் தரட்டுமா, இல்ல இன்னொண்ணு எழுதித் தரட்டுமான்னு."

"இத்தனை நாளா இதை ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நீங்களா வந்து கேட்டா மட்டும் சொல்லச் சொன்னாங்க. நாலு மாசமா நீங்க என்னைக் கண்டாலே வேற பாதையில போனீங்க."

மாசிலாமணி துணிப்பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"என்ன சொன்னா?"

"'வேண்டாம் அண்ணே, அது அவர்கிட்டயே இருக்கட்டும். எனக்குக் கரை தெரிய ஆரம்பிச்சுடுச்சு. இனிமேதான் அவர் தண்ணியில இறங்கப் போறார்'னாங்க."