களைப்பு நீங்க ஒரு சொற்பொழிவு

மலையடிவாரத்து மடம் ஒன்று சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி நடத்தியது. அந்த வருஷம் மழை விட்டதும் விஷக்காய்ச்சல் ஊரையே படுக்கப் போட்டது. கட்டில் போதாமல் வராந்தாவிலும் பாய் விரித்தார்கள். நர்சுகள் வீட்டுப் பக்கம் போயே வாரக்கணக்காகிவிட்டது.

ஆஸ்பத்திரிப் பொறுப்பு மடத்துச் சுவாமியின் சீடர் மருதவாணனிடம் இருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் எதற்கும் ஒரு கூட்டம் போட்டுப் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நர்சுகள் சோர்ந்துபோயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வாசலில் பேனர் கட்டினார். டூட்டி முடிந்து படுக்கப் போனவர்களை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து, முக்கால் மணி நேரம் பாராட்டினார். மறுநாள் விடியற்காலையில் தியான வகுப்பும் வைத்தார்.

வகுப்பு முடிந்ததும் தலைமை நர்ஸ் அற்புதமேரி வந்து, நாளையிலிருந்து யாரும் வேலைக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர்களும் போய்விட்டால் நோயாளிகளின் கதி என்ன? மருதவாணன் சுவாமியிடம் ஓடினார்.

"அவங்களுக்குத் தெம்பு வர்ற மாதிரி சுவாமிதான் நாலு வார்த்தை பேசணும்."

"பேசலாமே. மத்தியானம் சாப்பாடு ஆனதும் மண்டபத்துக்கு வரச்சொல்லு. பாயும் தலையணையும் போட்டு வை."

"தலையணையா?"

"சாஞ்சு கேக்கத்தான். அந்த நேரம் டாக்டருக்கு ஒத்தாசையா நீயும் மத்த சீடர்களும் வார்டைப் பாத்துக்குங்க."

"நானும் பேச்சைக் கேக்கலாம்னு..."

"உனக்கெதுக்குப்பா? நீதான் களைக்கலையே."

சுவாமியின் பேச்சு என்பதால் நர்சுகள் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள்.

மருதவாணன் வார்டில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவருக்குக் கஞ்சி ஊட்டுவதற்குள் பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்தார். அதைத் துடைப்பதற்குள் மூன்றாமவர் பெட்பேன் கேட்டார். சற்று உட்காரலாம் என்று பார்த்தால் வார்டில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. இந்த ஆஸ்பத்திரிக்கு எவன் பொறுப்பு என்று எரிச்சல் வந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பொழுது சாய்ந்தும் பேச்சு முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். சுவாமி கண்ணை மூடியபடி, மடத்துத் தோப்பில் எந்தத் தென்னை எந்த வரப்பில் நிற்கிறது என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே நர்சுகள் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அற்புதமேரி குறட்டையே விட்டார்.

குருநாதர் பேசும்போது தூங்குவதா? மருதவாணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுப்பப் போனவரின் கையைச் சுவாமி பிடித்துக்கொண்டார். அடுத்த வரப்புக்குப் போனார்.

வெகுநேரம் கழித்து அற்புதமேரி தானாகவே விழித்தார். மருதவாணனின் சட்டையெல்லாம் கஞ்சியாக இருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"சுவாமி, நாளைக்கும் பேச்சு உண்டா? உண்டுன்னா நாங்க வேலைக்கு வர்றோம்."

"காய்ச்சல் அடங்குற வரைக்கும் தினமும் உண்டும்மா."

மருதவாணன் தயங்கினார். "தினமும் இவ்வளவு நேரம் பேசினா உங்க தொண்டை என்னத்துக்காகும் சுவாமி?"

"நாளைக்கு நான் வார்டைப் பாத்துக்கிறேன், நீ பேசு" என்றார் சுவாமி. "உனக்கு என்னைவிட நல்லா வரும்."