ஓலையை மட்டும் பார்த்த நாரை

பிள்ளைகளே, இந்தக் கதையில் யார் முதலில் வந்தது, யார் பிறகு வந்தது என்பதை மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம்தான். மாறினால் கதையே கெட்டுவிடும். அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

ஒரு காட்டில், கீழ்ச்சரிவில் ஏரி வெட்டச் சொல்லிச் சிங்கம் உத்தரவு போட்டது. அங்கே வளை தோண்டிக் குடியிருந்தவர்கள் காலி செய்ய வேண்டும். இழந்த இடத்துக்கு ஈடாக, வளைக்கு ஒரு குவியல் கிழங்கு. மழைக்காலம் முழுக்க அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அடையாளத்துக்குச் சிங்கத்தின் நகக்குறி பதித்த ஓலை ஒன்றை ஒவ்வொரு வளைக்கும் கொடுத்திருந்தார்கள்.

கிழங்கைக் கொடுக்கும் வேலை நாரைக்கு. நாரை மகா பயந்தாங்கொள்ளி. தன் மேல் பழி வந்துவிடக் கூடாது என்பது ஒன்றே அதன் கவலை. நகக்குறி சரியாக இருக்கிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று நீண்ட கழுத்தை வளைத்து ஓலையை ஏழு முறை பார்க்கும். அதை நீட்டியது யார் என்று ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்காது.

நரி இதைக் கவனித்துவிட்டது. நேரே முயலின் வளைக்குப் போனது.

“முயலக்கா, மூன்று கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வெயிலில் வரிசையில் நிற்பீர்களா? ஓலையைக் கொடுங்கள், நான் வாங்கி வருகிறேன்.”

முயல் நம்பிக் கொடுத்தது. நரி அதைக் கொண்டுபோய் நாரையிடம் நீட்டியது.

“யார்?” என்றது நாரை, குனிந்தபடியே.

“முயல்.”

“குரல் கரகரக்கிறதே?”

“சளி, அம்மா.”

“ஓலையில் தும்மிவிடாதே. தள்ளி நில்.”

குவியல் நரிக்குப் போனது.

காத்திருந்து காத்திருந்து, முயல் ஓடி வந்தது. “அம்மா, என் கிழங்கு எங்கே?”

“முயல் வாங்கிக்கொண்டு போய்விட்டது.”

“நான்தானே முயல்.”

“ஓலை இருக்கிறதா?”

“என் காதைப் பாருங்கள்.”

“காதில் நகக்குறி இல்லையே. வழியை விடு.”

வரிசையில் நின்ற உடும்பு சிரித்தது. “நாளைக்குச் சிங்கராஜா ஓலையை மறந்துவிட்டு வந்தால், அவரையும் பூனை என்று எழுதிக்கொள்வீர்களா அம்மா?”

முயல் சிங்கத்திடம் போய் அழுதது. சிங்கம் நாரையைக் கூப்பிட்டது.

“முயலைப் பார்த்தாயா?”

“ஓலையைப் பார்த்தேன், ராஜா. ஏழு முறை. அதில் ஒரு குற்றம் சொல்லுங்கள்.”

“ஓலையில் குற்றம் இல்லை. நிமிராத உன் கழுத்தில் இருக்கிறது. முயலின் பங்கை நீயே தோண்டிக் கொடு. இன்னொரு முறை இப்படி நடந்தால் அந்தக் கழுத்து எனக்கு.”

அலகு தேயத் தேயச் சேற்றைக் கிளறி, நாரை ஒரு குவியல் கிழங்கு எடுத்து முயலுக்குக் கொடுத்தது.

மறுநாள் நரி மறுபடி வந்தது. இந்த முறை முள்ளம்பன்றியை ஏமாற்றி வாங்கிய ஓலை.

நாரை முதல்முறையாக நிமிர்ந்தது. “நீ யார்?”

“முள்ளம்பன்றி.”

“முள் எங்கே?”

“சளியில் கொட்டிவிட்டது, அம்மா.”

அப்போதும் நாரைக்குச் சந்தேகம்தான். ஓலை சரியாகத்தானே இருக்கிறது என்று கழுத்து பாதி குனிந்துவிட்டது. சிங்கத்தின் பல் நினைவுக்கு வந்தது, நிமிர்ந்துகொண்டது.

“எந்த வளைக்கும் ஒரு பின்வாசல் உண்டு. குடியிருப்பவருக்குத்தான் அது தெரியும். நட, உன் பின்வாசலைக் காட்டு.”

நரி சரிவெல்லாம் சுற்றியது. கடைசியில் ஒரு புதரைக் காட்டி, “இதுதான்” என்றது.

நரியின் முதுகுக்குப் பின்னால் இருந்த பாறை இடுக்கிலிருந்து முள்ளம்பன்றி வெளியே வந்தது. “என் பின்வாசலில் நின்றுகொண்டு என்னடா தேடுகிறாய்?”

முதுகு நிறைய முள்ளோடு ஓடிய நரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று முதல் நாரை, வந்தவர் முகத்தைப் பார்த்து, வளைவரை நடந்து, பின்வாசலைக் காட்டச் சொல்லி, பக்கத்து வளையிலும் விசாரித்த பிறகே கிழங்கைக் கொடுத்தது. நியாயத்துக்காக அல்ல. தன் கழுத்துக்காக.

நீதி: ஆளைப் பார்க்காமல் ஓலையைப் பார்த்துக் கொடுப்பவர், உரியவர் வாயிலிருந்து பிடுங்கித் திருடனுக்கு ஊட்டுகிறார்.