பால்பல்லின் குழி

"டீச்சர், ஒன்பதாவதும் போச்சு," என்றான் இசக்கிமுத்து.

அவன் லாரி டிரைவர். டீச்சர் என்று அவன் கூப்பிட்டது பரிபூரணத்தை. நாமக்கல்லில், கண்ணாடி மாதிரி இறுகும் ரெசினை அச்சில் ஊற்றிச் சாவிக்கொத்து செய்கிறவள். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான். தெரிந்தவள் டீச்சர், தெரியாதவன் மாணவன். இதில் என்ன வெட்கம்?

அவன் நீட்டிய ரெசின் வில்லைக்குள் ஒரு சோழி. அதன் வயிற்றடியில் மிளகு பருமனில் ஒரு காற்றுக் குமிழி.

"பாட்டிலைச் சுடுதண்ணியில வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"மெதுவா கலக்கினீங்களா?"

"பிள்ளைக்கு மருந்து கலக்குற மாதிரி கலக்கினேன்."

"ஊத்துனது?"

"ஓரமா, மெல்லிசா. மூச்சைக்கூட அடக்கிக்கிட்டேன். அதுக்கு என்மேல என்ன கோவமோ!"

லாரி முகப்பில் திருஷ்டிக்குத் தொங்கிய சோழிகளைத்தான் பிய்த்துப் பிய்த்துப் பழகிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டுதான் பாக்கி. கண் பட்டால் படட்டும் என்று விட்டுவிட்டான் மனுஷன்.

உண்மையில் ரெசினுக்குள் பதிக்க வேண்டிய பொருள் அவன் சட்டைப்பையில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான். ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

"அதைக் கொஞ்சம் காட்டுங்க அண்ணே."

காகிதத்தைப் பிரித்தான். ஒரு பால்பல்.

"எம் பொண்ணோட முதப் பல்லு. சாவிக்கொத்துல போட்டுக்கிட்டா, போற ஊருக்கெல்லாம் அவளும் கூட வருவா."

"இதைச் சாணியில பொதிஞ்சு கூரை மேல எறியலையா?"

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பா வந்து தூக்கிப் பிடிச்சாத்தான் எறிவேன்னு நாலு மாசம் வெச்சிருந்திருக்கா. எனக்கு லோடு மேல லோடு. கடைசியில மச்சான்கிட்ட குடுத்து அனுப்பிட்டா."

"என்ன சொல்லி அனுப்பினா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் டீச்சர், தாங்கல."

பரிபூரணம் பல்லை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தாள். அடியில் சின்னதாக ஒரு குழி. ஊசிமுனையால் தொட்டுக் காட்டினாள்.

"சோழிக்கும் இதே கதைதான். மேல எவ்வளவு பதமா ஊத்தினாலும் இதுக்குள்ள இருக்குற காத்து எங்கயும் போகாது. முதல்ல குழியை நிரப்பணும். மத்ததெல்லாம் அப்புறம்."

கலக்கி வைத்திருந்த ரெசினில் ஒரு சொட்டைக் குச்சியால் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

பிறகு பல்லை எடுத்துக் காகிதத்தில் மடித்தான். போனை எடுத்தான்.

"முதலாளி, இந்த லோடுக்கு வேற ஆளைப் பாருங்க."

அந்தப் பக்கம் கத்துவது பரிபூரணத்துக்கே கேட்டது. அவன் போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினான்.

"அண்ணே, கலக்கின ரெசின் இறுகிடுமே?"

"இறுகட்டும் டீச்சர். எங்க வீட்டுக் கூரை உயரம். பிள்ளைக்கு எட்டாது."